கூடுதல் நேரத்து நிதானம்

அந்த ஹாக்கி கிளப்பில் எல்லோருக்கும் அவர் மச்சான். முறைப்படி பார்த்தால் ஒரே ஒருவனுக்குத்தான் அவர் மச்சான்; அவர் தங்கையைக் கட்டிய நடுக்கள ஆட்டக்காரனுக்கு. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, சீருடை துவைக்கிறவர் முதல் மேலாளர் வரை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, யார் எங்கே சொதப்பினார்கள் என்று சொல்வது அவர் வேலை. இப்படி ஒரு வேலை பார்க்கிறவனுக்குக் கிளப்பில் வேறு என்ன செல்லப்பெயர் கிடைத்துவிடும்?

தங்கை கணவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு. ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு. அதில் பக்கத்துக்கு ஏழு பேர்தான் ஆடலாம். முதல் கோல் போட்டவர்களுக்கு வெற்றி. அந்தக் கோலை அடித்து எதிரணிக்குப் பூட்டுப் போடுகிறவன் இவன்தான். மற்ற நேரத்தில் ஆட்டம் சுமார், கொஞ்ச காலமாகச் சுமாருக்கும் கீழே. ஆனால் கூடுதல் நேரம் வந்துவிட்டால் மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளும்போது இவன் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல இருப்பான். என்ன நிதானம், என்ன நிதானம் என்று வர்ணனையாளர்கள் உருகுவார்கள்.

இது திறமையா, வெறும் அதிர்ஷ்டமா என்று பார்த்துச் சொல்லும்படி மேலாளர் மச்சானைக் கேட்டார். திறமை என்றால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். அதிர்ஷ்டம் என்றால் இந்தப் பருவத்தோடு பெரிய கும்பிடு. தங்கை வீட்டுக்காரன் என்று பார்க்கக் கூடாது என்றார் மேலாளர். பார்க்க மாட்டேன் என்று மச்சானும் தலையாட்டினார். ஆட்டினாரே தவிர, திறமைதான் என்று மனதுக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான் கணினி முன்னால் உட்கார்ந்தார். தங்கை குடும்பம் நடுத்தெருவில் நிற்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?

மச்சானுக்கு ஒரு தனிப்பழக்கம். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். அவர் கழுத்தைப் பார்ப்பார். நல்ல ஆட்டக்காரன் பந்து வருமுன்னே இரண்டு பக்கமும் ஒரு நோட்டம் விட்டுவிடுவான். யார் கழுத்து எப்போது திரும்புகிறது என்று பார்த்தால் போதும், ஆளின் மூளை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். கிளப்பில் வெட்டி வைத்திருந்த வீடியோத் துண்டுகளில் பந்தும் கோலும்தான் இருந்தன. அதனால் கூரைக்கு அடியில் இருந்த கேமராவில் பதிவான முழு ஆட்டங்களையும் வாங்கி, பூட்டின் கழுத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

கூடுதல் நேரத்தில் அந்தக் கழுத்து திரும்பவே இல்லை. களத்தில் ஆள் குறைந்து இடம் கிடைத்ததும் பூட்டு நேராக வலது கோட்டுக்கு ஓடிவிடுகிறான். கோட்டை ஒட்டி நின்றால் ஆட்டம் முழுக்க இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் கோடு. பந்து இடமிருந்து வருகிறது, அவன் உள்ளே வெட்டிப் போய் அடிக்கிறான். ஒவ்வொரு கோலும் அப்படித்தான். பதினோரு பேர் ஆடும் நேரத்தில் நடுவில் நிற்கும்போதோ வேறு ஆள். நொடிக்கு நொடி தலையை முழுசாக வலப்பக்கம் திருப்புகிறான், பதறுகிறான், அப்படித் திருப்பும் நேரத்தில் இடப்பக்கம் வரும் பந்தைக் கோட்டை விடுகிறான்.

மச்சான் அரையிறுதி ஆட்டத்தைத் தேடி எடுத்தார். அதில் ஒரு காட்சி உண்டு. வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து சீறிக்கொண்டு வந்து பூட்டின் காதை உரசாத குறையாகப் போகும். அவன் இமைக்கக்கூட மாட்டான். நெஞ்சுரம் என்று அன்றைக்கு அரங்கமே கைதட்டியது. மச்சானும் எழுந்து நின்று தட்டினார். இப்போது அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது நெஞ்சுரம் எதுவும் தெரியவில்லை. அப்படி ஒரு பந்து வந்ததே அவனுக்குத் தெரியாது. ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். நான்கு விரல்கடை உள்ளே வந்திருந்தால் தங்கை அன்றே தாலியறுத்திருப்பாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் புலப்பட்டது. வீட்டில் அவன் எப்போதும் வலப்பக்கம் சுவர் இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவான். கார் வலப்பக்கமெல்லாம் கீறல்; நிறுத்துகிற இடம் குறுகல் என்று சொல்வான். அந்தக் காரில்தான் தினமும் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறான். அது மச்சானுக்கு நினைவுக்கு வந்தது. உடனே தங்கைக்குப் போன் போட்டு, கார் சாவியை எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரிண்ணா என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தபோது பயம் இன்னும் கூடிப்போயிற்று.

மட்டைகள் வைக்கும் அறையில் பூட்டைப் பிடித்தார். அவன் பொய் சொல்லவில்லை. பயிற்சியில் ஒருமுறை மட்டை பட்டதிலிருந்து வலது கண் ஓரம் இருட்டிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். கண் பரிசோதனையில் இடது கண்ணைப் பொத்தச் சொன்னபோது விரலிடுக்கு வழியாகப் பார்த்து எழுத்தை வாசித்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"இன்னொரு கண்ணு இருக்குல்ல மச்சான்."

"அதுல ஒண்ணு பட்டா?"

"படாது. ஏழு பேர் ஆடும்போது நான் ராஜா. திறமைன்னு மட்டும் சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எதை வைத்துப் பார்த்துக்கொள்வாய் என்று மச்சானுக்கு வாய்வரை வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னார். தங்கையின் முகம் கண்ணெதிரே நின்றது, இருந்தும் சொன்னார். "கூடுதல் நேரத்துல அவன் நல்லா ஆடுறான்னு நாம நினைச்சோம். அப்படி இல்ல. மத்த நேரத்துல அவனுக்குக் கண்ணு தெரியல."

மேலாளர் ஆட்ட அட்டவணையை எடுத்துக் குனிந்து பார்த்தார். அவன் ஆட்டம் இன்றோடு முடிந்தது, ஆள் உயிரோடு வீடு போய்ச் சேருவான் என்று மச்சான் அழுகையும் நிம்மதியுமாகக் காத்திருந்தார். மேலாளர் நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்போ கூடுதல் நேரத்துக்கு மட்டும் இறக்குவோம். வலது கோட்டுல. அங்க அவனுக்குத் தொந்தரவே இல்லன்னு நீங்கதானே சொல்றீங்க?"

மச்சானுக்குக் காதுக்குள் ஙொய் என்றது. கோட்டில் நின்றாலும் கோலடிக்க உள்ளே வந்துதானே ஆக வேண்டும், அங்கே நாலாபுறமும் மட்டை சுழலுமே, கோல்காப்பாளர் காலில் பட்டுத் தெறிக்கும் பந்து பக்கம் பார்த்தா வரும் என்று மூச்சு வாங்க வாதாடினார். எல்லோருக்கும் உள்ள ஆபத்துதானே என்றார் மேலாளர். வெளியே வேறு யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்றும் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் பூட்டையும் கூப்பிட்டனுப்பியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பூட்டு மச்சானைக் கட்டிப்பிடித்து, காலத்துக்கும் மறக்க மாட்டேன் என்றான்.

எந்தக் கிளப்புக்கும் கட்டுப்படாத லீக் மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் கூடாது என்றால் எந்த ஆட்டக்காரனும் களத்தில் கால் வைக்க முடியாது. மறுநாள் ஆட்டத்துக்குமுன் மச்சான் அவர் அறைக்கு வெளியே நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தட்டலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தட்டினால் தங்கை வீட்டுப் படியை இனி மிதிக்க முடியாது.

அப்போது பூட்டு விசிலடித்துக்கொண்டே நடைவழியில் வந்தான். பெஞ்சு அவனுக்கு வலப்பக்கம். மச்சான் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல உறைந்துபோனார். கையை நீட்டினால் அவன் சட்டையைத் தொட்டுவிடலாம். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். அவர் கூப்பிடவில்லை. நீட்டியிருந்த அவர் காலில் பூட்டு இடறித் தடுமாறி, யாரென்றும் பார்க்காமல், "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அதே உற்சாகத்தோடு களத்துக்குப் போனான்.

மச்சான் எழுந்து கதவைத் தட்டினார்.