மாமியார் வீட்டுப் பூஞ்சை

பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான் என் உத்தியோகம். மரத்தூளைப் பசையோடு அழுத்திக் கட்டடப் பலகை செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. பலகையைத் துண்டாக்கி ஈரமான ஜாடிக்குள் பூஞ்சையோடு குடிவைப்பேன். சில மாதம் கழித்து எடுத்து நிறுப்பேன். எடை குறைந்திருந்தால் பூஞ்சை தின்றுவிட்டது என்று அர்த்தம். இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் கணவரே நம்புவதில்லை.

எங்கள் முதலாளிக்கு மாமியாரைத் தவிர யாரிடமும் பயமில்லை. முன்பு எங்கள் பலகையில் அந்த அம்மாளுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஓர் அலமாரி செய்து கொடுத்திருந்தார். ஒரே மழைக்காலத்தில் அது பூஞ்சை பிடித்து, நனைந்த ரொட்டிபோல ஊதி, கதவு மூட மறுத்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் மாப்பிள்ளையோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார்.

அதனால், பூஞ்சை அண்டாமலிருக்க மருந்து கலந்து செய்த புதுப் பலகையின் எடை இம்மிகூடக் குறையவில்லை என்றதும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே ஆளனுப்பி, மாமியார் வீட்டில் பழைய அலமாரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை மாட்டச் செய்தார்.

பிறகுதான் பக்கத்து ஜாடியை நிறுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்து கலக்காத வெறும் மரத்துண்டு அது. பூஞ்சை அதையாவது தின்று தீர்த்திருக்க வேண்டும். வைத்தது வைத்தபடி இருந்தது. எதிராளி வராத பந்தயத்தில் எங்கள் பலகை ஜெயித்திருக்கிறது! விசாரித்தால், விருந்தாளிகளுக்குக் காட்ட ஜாடிகளைத் திறந்த முதலாளியே, நாற்றம் தாங்காமல் கிருமிநாசினி அடித்திருக்கிறார்.

"பூஞ்சை செத்தா நமக்கு நல்லதுதானேம்மா?" என்றார்.

"கொன்னது நீங்க சார். பலகை இல்ல."

மறுபடி சோதிக்க உயிருள்ள பூஞ்சை வேண்டும். கையிருப்பில் இருந்த பூஞ்சையும் கிருமிநாசினி பட்டுச் செத்திருந்தது. அடங்காத பூஞ்சை இருக்கும் வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கத்தியோடு மாமியார் வீட்டுக்குப் போனேன். பழைய அலமாரிக்குள் அது காது காதாக முளைத்திருந்தது. சுரண்டி எடுக்கும்வரை அந்த அம்மாள் விளக்குப் பிடித்தார். நன்றாகத் தின்னும் என்று நற்சான்றும் கொடுத்தார்.

தின்றது. வெறும் மரம் பஞ்சாகிவிட்டது. புதுப் பலகையோ விரல் பட்டதும் உதிர்ந்தது.

முதலாளி உதிர்ந்த தூளை வழித்து மறுபடி தராசில் போட்டுப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. புது அலமாரி இன்னும் பளபளவென்றுதான் நின்றது. மாமியார் சுவரிடம் "பரவாயில்லை" என்றுகூடச் சொல்லியிருந்தாராம். வாயை மூடிக்கொண்டால் அடுத்த மழைவரை மரியாதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனிதர் திருப்புளியை எடுத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

"அத்தை, இதையும் பூஞ்சை தின்னுடும். கழட்டிடுறேன்."

பழக்கதோஷத்தில் அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"புதுசைக் கழட்டுங்க மாப்பிள்ளை. பழசைத் தொடாதீங்க. அடுத்த பலகைக்கும் பூஞ்சை வேணும்ல?"