மூத்த மகன் உள்ளே போனானா?

லூக்கா நற்செய்திக்கு விளக்கவுரை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு 'உரைகாரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உட்கார்ந்து ஒன்பது வருடமாகிறது. பதினைந்தாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. கேட்டால், "அவசரமா எழுத இதென்ன கடுதாசியா?" என்பார்.

அவர் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மனைவி. அவர் குட்டெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிடித்த வசனமென்றால் ஏழு அறிஞர்களை இழுத்துவந்து சண்டை மூட்டிவிடுவார். பிடிக்காத வசனமென்றால், 'இதன் பொருள் வெளிப்படை' என்று நழுவிவிடுவார்.

அன்று காலை வந்தது ஊதாரி மகன் கதை. வீட்டை விட்டுப்போய்ச் சொத்தை அழித்துத் திரும்பிய இளையவனுக்கு அப்பா விருந்து வைக்கிறார். மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். இளையவனுக்குப் போட்ட செருப்புக்கு உரை மூன்று பக்கம், மோதிரத்துக்கு ஐந்து, விருந்துக்கு அடித்த கன்றுக்குட்டிக்கு எட்டு. மூத்தவனுக்கு மட்டும் ஒரே வரி: இதன் பொருள் வெளிப்படை.

"எனக்கு வெளிப்படையா இல்லையே," என்றாள் மனைவி. "அந்த அண்ணன் கடைசியில உள்ள போனானா?"

"அது வசனத்துல இல்ல."

"உரை எழுதுறது அதுக்குத்தானே?"

"இல்லாததைச் சொல்றவன் உரைகாரன் இல்லம்மா, புளுகன்."

"சரி, இருக்கிறதைச் சொல்லுங்க. அவனுக்கு ஏன் கோவம்?"

"அப்பாவைப் பார்த்துக்கிட்டவன் அவன்! ஓடிப்போனவன் வந்து நிப்பானாம், இவன் பல்லைக் காட்டணுமாம்!"

குரல் உயர்ந்தது அவருக்கே கேட்டது. அவருடைய அப்பாவின் கடைசி இரண்டு வருடம் எட்டிக்கூடப் பார்க்காத தம்பி நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறான். அப்பா போனதிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அன்று மாலை அவன் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணே நேரில் வந்து, "கட்டாயம் வாங்க பெரியப்பா" என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"இதைத்தாங்க எழுதணும்," என்றாள் மனைவி. "படிக்கிறவங்களுக்கும் இப்படி ஒரு தம்பி இருப்பான்ல?"

உரையில் 'நான்' என்று எழுதவே கூடாது என்பது அவர் ஒன்பது வருடமாகக் கட்டிக்காத்த விதி. மதியம் முழுக்க எழுதி எழுதி அடித்தார். கடைசியில் இரண்டே இரண்டு வாக்கியங்களைக் கொண்டுவந்து நீட்டினார்:

'வாசலில் நான் நின்றபோது நியாயமெல்லாம் என்னோடுதான் நின்றது. அப்பாவும் தம்பியும் உள்ளே இருந்தார்கள்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கப் போனாள்.

கல்யாண மண்டபத்தின் படியிலேயே தம்பி நின்றிருந்தான். அண்ணனைக் கண்டதும் கல்யாணப் பெண்ணின் அப்பா என்றும் பாராமல் அழுதுவிட்டான்.

"உள்ள வாடா," என்றார் அண்ணன், அவன் கையைப் பிடித்து.