குடும்பத் தலைவர் கையெழுத்து

முசலிப் பக்கத்தில் குளம் உடைப்பெடுத்து ஆறு நாளாகிவிட்டது. மேட்டில் இருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் அடைந்து கிடந்தன. அஸ்னாவும் அவளுடைய ஐந்து மாத மகனும் கரும்பலகைக்குக் கீழே ஒதுங்கியிருந்தார்கள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. இரண்டு நாளாகப் பிள்ளைக்குச் சீனித்தண்ணீர்தான். முதல் நாள் வீரிட்டுக் கத்திய பிள்ளை இப்போது முனகுவதோடு சரி. கத்தினால்கூடப் பரவாயில்லை, இந்த முனகலைத்தான் அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளுடைய புருஷன் ஹில்மி, குளம் உடைத்த அன்றே, பட்டியில் கட்டிக் கிடந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று தண்ணீரில் இறங்கியவன். மறுநாள் மூன்று மாடுகள் நீந்தி வந்து மேடேறின. கழுத்துக் கயிறுகள் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன. ஆக, பட்டி வரைக்கும் போயிருக்கிறான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு இருந்த ஆயுள் மனிசனுக்கு இல்லை என்று மண்டபத்தில் குசுகுசுத்தார்கள். அஸ்னா காதில் விழாதவள் போல இருந்தாள். மரமேறத் தெரிந்த மனிதர், எங்கேயாவது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், வருவார்.

ஆறாம் நாள் காலை படகில் நிவாரணம் வந்தது. அரிசி, பருப்பு, பாய். கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு தகர ரின்னில் அடைத்த பால்மா ஒன்று. பிரசாந்தன் என்ற உத்தியோகத்தர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பட்டியலை விரித்தார். அஸ்னாவின் முறை வந்தது.

"குடும்பத் தலைவர் எங்கே? அவர்தான் கையெழுத்து வைக்க வேணும்."

"அவர் தண்ணிக்குள்ள போனவர், சேர். இன்னும் வரேல்ல."

"அப்ப காணாமல் போனவர். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு இருக்கோ?"

பொலிசுக்குப் போகும் பாதை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. ஊரே மூழ்கினாலும் கடதாசி மட்டும் நனையாமல் வந்து சேர வேண்டும், நம் நாட்டு ஒழுங்கு அப்படி.

பிரசாந்தன் கெட்டவர் இல்லை. மூன்று நாளாகக் கண் மூடாத மனிதர். போன வெள்ளத்தில் இரக்கப்பட்டுக் கையெழுத்தில்லாமல் கொடுத்ததற்கு விசாரணைக்கு இழுபட்டவரும்கூட. பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அவர் இறந்திட்டார் எண்டு சொன்னீங்களெண்டால் நீங்கள்தான் குடும்பத் தலைவி. ரெண்டு சாட்சி இருந்தால் காணும். சும்மா பதிவுக்குத்தான். அவர் வந்தால் பதிவை வெட்டிவிடுவம்."

படகுக்காரர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். பெட்டிக்குள் மூன்று ரின்தான் மிச்சம். அஸ்னா வாசலுக்கு வெளியே தெரிந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அதன் உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது.

"மவுத்தாகிட்டார்" என்றாள்.

பக்கத்து வீட்டுச் சரீபாவும் அவள் புருஷனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

சரீபாவே தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற்றி, பால் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை முதலில் உறிஞ்சத் தெம்பில்லாமல் கிடந்தது, பிறகு மெல்லக் குடிக்கத் தொடங்கியது. அஸ்னா போத்தலைப் பிடித்தபடி நிமிராமல் கேட்டாள்.

"ராத்தா, உங்கட சீலையொண்டு தாங்கோ. இந்த மூலையை மறைக்க வேணும்."

"என்னத்துக்கு?"

"இத்தா இருக்க."

புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் கடமை அது.

"உனக்கென்ன விசரா புள்ள? பாலுக்காகச் சொன்ன சொல்லு அது. அல்லாஹ் அறிவான். நாளைக்கே ஹில்மி வந்து நிண்டால் என்ன செய்வாய்?"

"பொய் சொல்லி வாங்கினதெண்டால் இது ஹராம், ராத்தா. ஹராமை எப்பிடிப் பிள்ளைட வயித்துக்குள்ள விடுறது? அவர் மவுத்தெண்டால்தான் இந்தப் பால் ஹலால்."

சரீபா எழுந்து போய்த் தன் சீலையைக் கொண்டுவந்து, ஒரு நுனியைக் கரும்பலகை ஆணியிலும் மறு நுனியை யன்னல் கம்பியிலும் கட்டினாள். அந்தச் சீலைக்குப் பின்னால் இருந்து, ஆறு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அஸ்னா, புருஷனுக்காக வாய்விட்டு அழத் தொடங்கினாள்.