பொதுச் சொட்டு

1
இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கும் ஓர் ஆளுக்கு மூச்சு விட்டால் நெஞ்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். 'விசில்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அது நோய் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். நடை கரடுமுரடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

2
முதல் தொடக்கம்: 'அத்தானின் உலகில் இருள் மெல்லக் கவியத்—'

தூ. அத்தான், அதாவது என் அக்கா புருஷன், வெல்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப்பார்வை மட்டும் தேய்கிறது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். இதில் கவிதை எங்கே இருக்கிறது?

அழுத்தம் குறையச் சொட்டுமருந்து கொடுத்தார்கள். காலையும் மாலையும். போன பார்வை திரும்பாது, இருப்பது நிற்கும்.

(டாக்டரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். "மூச்சு இழுப்பு இருக்கா?" என்று அத்தானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். அத்தானுக்கு இல்லை.)

3
பட்டறையில் ஒரு வழக்கம். யார் கண்மருந்து கொண்டுவந்தாலும் சுவிட்சுப் பலகைக்கு மேலே வைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் பொது. வெல்டிங் வெளிச்சம் பட்டால் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். முகமூடிக் கண்ணாடிகள் விரிசல் விட்டவை. பக்கத்தில் நிற்பவனுக்கு அதுகூடக் கிடையாது.

அன்று அத்தான் கையில் அவருடைய சொட்டுக் குப்பி. விசில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, புதுச் சொட்டு?"

"அது எனக்குக் கொடுத்ததுடா."

"ஆமா, உன் கண்ணு மட்டும் தங்கத்துல செஞ்சது. கொண்டா இப்படி."

அத்தானும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். குப்பியின் நுனி இமையில் உரச, இரண்டு கண்ணிலும் தாராளமாக ஊற்றிக்கொண்டார் விசில்.

கொஞ்ச நேரத்தில் சீழ்க்கை உச்சத்துக்கு ஏறியது. "ரயில் கிளம்பிடுச்சுடோய்!" என்றான் ஒருவன். சத்தம் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

(கதைக்கு நடுவில் பாடமா என்று முகம் சுளிக்காதீர்கள். கண்ணில் விட்டது கண்ணோடு நிற்காது; மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். சிலவகைச் சொட்டு இழுப்புக்காரனின் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் அழுத்தி வைக்கச் சொல்வது அதனால்தான்.)

4
விசில் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் மருந்து ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறார்.

முதலாளி பட்டறைக்கு வந்து, "அந்த விஷத்த இனிமே உள்ள கொண்டு வராத" என்று அத்தானைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் தலையாட்டினார்கள். விரிசல் கண்ணாடியைப் பற்றி ஒரு வாயும் திறக்கவில்லை. குற்றவாளி குப்பிக்குள் கிடைத்துவிட்டதே! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதைவிடக் கொடுமை, அத்தானும் நம்பிவிட்டார். வீட்டிலும் சொட்டை நிறுத்திவிட்டார்.

"ஒருத்தன் மூச்ச நிறுத்தினது எனக்கு வேணாம்."

"உங்களுக்கென்ன இழுப்பா இருக்கு? இருக்கறது வீம்புதான்," என்றாள் அக்கா.

"விட்டாலும் ஒண்ணும் தெரியல, விடாட்டியும் ஒண்ணும் தெரியலடி."

"தெரியிறப்ப பாக்கறதுக்குக் கண்ணு இருக்காது. படுங்க."

5
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அத்தான் மனம் மாறிக் கண்ணைத் திறக்கிறார். விசிலே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பி, 'மருந்து மேல தப்பில்ல, என் மேலதான்—'

பொய். அது முதலாளிக்குச் சாதகமான முடிவு.

இன்னொன்றில் அத்தானுக்குப் பார்வை போகிறது. நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறீர்கள். உங்கள் உச்சுக்கொட்டலுக்காக ஒரு மனிதனைக் குருடாக்க நான் ஆளில்லை.

இப்போது இருப்பது இவ்வளவுதான். பட்டறைப் பலகையில் கிடந்த, விசிலின் இமையில் உரசிய குப்பியை அக்கா எடுத்துவந்து குப்பையில் போட்டுவிட்டாள். கையில் புதுக் குப்பி. கட்டிலில் அத்தான் மல்லாந்து படுத்திருக்கிறார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"திறங்க."

அவர் திறக்கவில்லை. அக்காவும் நகரவில்லை. பட்டறையில் நாளைக்கும் அதே கண்ணாடிதான். இந்த இடத்தில் நான் பேனாவை வைக்கிறேன். கண்ணாடி கேட்டுப் பட்டறைப் பக்கம் போகிற வேலை இருக்கிறது. நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.