மால்டாவில் ஆறு நாள்

கார் கோயில் வாசலில் நிற்குமுன்பே கத்தரின் மகனின் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கடதாசியை இழுத்தெடுத்தாள். றூபன் தடுக்கவில்லை. தடுத்தால் முன்னால் இருந்த சாரதி திரும்பிப் பார்ப்பான் என்று அவனுக்கு வெட்கம். நன்றியுரை இரண்டு பக்கம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பங்குத் தந்தைக்கு நன்றி, பாடகர் குழுவுக்கு நன்றி, மலர் வளையம் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி, கனடாவிலிருந்து வந்தவர்களுக்கு நன்றி. கடைசி மூச்சுவரை அப்பாவின் கட்டிலடியை விட்டு அசையாமல் நின்ற கிளறிற்றா மாமிக்கு விசேட நன்றி.

“நான் சொன்ன வசனம் எங்க?”

“பிறகு கதைப்பம் அம்மா.”

“பிறகு எண்டா எப்ப? கொப்பரை மண்ணுக்குள்ள தாட்டாப் பிறகோ?”

“மாமி பாவம். எல்லாருக்கும் முன்னால அவவை எப்பிடி...”

“மாமியின்ர பேரை நான் இழுக்கச் சொல்லேல்லையே. ‘அப்பாவுக்கு ஏலாமப் போனதை நாங்கள் அம்மாவுக்குச் சொல்லேல்லை.’ ஒரு வசனம். வேற ஒண்டும் நான் உன்னட்டக் கேக்கேல்லை.”

றூபன் கடதாசியை வாங்கி மடித்தான். “சரி, சொல்லுறன்” என்றான், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

ஒரு வசனத்துக்கா இந்தப் பாடு என்று கேட்பவர்கள் அடக்கத்துக்கு முந்தின மூன்று கிழமையும் அவளுடைய வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். லண்டனில் செத்தவரை உடனே அடக்கம் செய்ய முடியாது. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மூன்று கிழமையும் கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த வீட்டுக்குச் சனம் வந்தது. வந்த சனம் அழுதது, தேத்தண்ணி குடித்தது, பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “நீங்கள் அப்ப மால்டாவில நிண்டனீங்களாம் என்ன?” என்று கேட்டது. அந்த ‘என்ன’வில் எல்லாம் இருந்தது.

மால்டாவுக்குப் போக அவள் ஆசைப்பட்டாள் என்பது உண்மை. புனித சின்னப்பர் கப்பல் உடைந்து கரையேறிய தீவு என்று பூசைக்குப் பிறகு கிளின்ரன் ஒரு படத்தாளைக் கொடுத்திருந்தார். பங்கில் யாத்திரைகளை ஒழுங்கு செய்பவர் அவர்தான். செவ்வாய் போய் ஞாயிறு திரும்ப, இருபத்திரண்டு பேர். ஆனால் புருசன் எட்வேட்டுக்குச் சலரோகம், காலில் ஆறாத புண். அவரை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் தலைகீழாய் நின்றாள். அவர்தான் அவளைக் கலைத்து அனுப்பிவிட்டார். “முப்பத்திநாலு வருசம் எனக்குச் சமைச்சது காணும். போய் வேற ஆரும் சமைச்சதை இருந்து சாப்பிட்டு வாவன்” என்றார். பயணப் பெட்டியின் சில்லு இறுகிக்கிடக்க, அதற்கு எண்ணெய் விட்டவரும் அவர்தான்.

புதன் மாலை அவர் குளியலறையில் விழுந்தார். மாரடைப்பு. றூபன் முதலில் மாமிக்குத்தான் போன் அடித்தான். கிளறிற்றா எட்வேட்டின் தமக்கை. அந்தக் குடும்பத்தில் யாருக்கு எதை எப்போது சொல்வது என்பதை முப்பது வருடமாக முடிவு செய்கிறவள். “கத்தரினுக்குச் சொல்லாதை. தனிய நிண்டு துடிச்சுப்போவாள். ஞாயிறு வரத்தானே போறாள்” என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். இப்படி ஒளிப்பது நம்மவர்களுக்கு ஒரு அன்பு. வன்னியில் தாய் செத்ததை இங்கே பரீட்சை எழுதுகிற மகளுக்கு ஒளிப்போம், இங்கே தமையன் செத்ததை அங்கே பிள்ளை பெறப்போகிற தங்கைக்கு ஒளிப்போம். ஒளிக்கப்பட்டவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை எட்வேட் செத்துப்போனார். அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் கத்தரின் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி, கறுப்புக் கண்ணாடியும் போட்டு, கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சிரித்தபடி ஒரு படம் எடுத்து, அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாள். பங்கு முழுக்கப் பார்த்தது. பிறகு மரண அறிவித்தல் வந்தது. சனத்துக்குக் கணக்குப் பார்க்க எவ்வளவு நேரம் செல்லும்? இரண்டிலும் ஒரே திகதி.

கோயிலுக்குள் முதல் வாங்கில் அவளை இருத்தினார்கள். பெட்டி எதிரே இருந்தது. பக்கத்தில் கிளறிற்றா, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேலாகவே அழுதாள். கையை இழுத்தால் அதற்கும் ஒரு கதை வரும் என்று கத்தரின் விட்டுவிட்டாள்.

பூசை முடிந்ததும் றூபன் ஒலிவாங்கிக்குப் போனான். தகப்பனின் உயரம், தகப்பனின் நெற்றி. சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும் பிள்ளை. பங்குத் தந்தை, பாடகர் குழு, மலர் வளையம், கனடா, மாமி எல்லாம் ஒழுங்காக வந்தன. பிறகு அவன் நிறுத்தினான். தாயைப் பார்த்தான். கத்தரின் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லு ராசா என்று. அவன் மாமியைப் பார்த்தான். கடதாசியை மடித்தான்.

“அப்பாவின் இறுதி வேளையில் அம்மா உடலால் தூரத்தில் இருந்தாலும், மனத்தால் அவரின் அருகிலேயே இருந்தார்” என்றான்.

இதைவிட அவன் பேசாமல் இறங்கியிருக்கலாம். மனத்தால் அருகில் இருந்தாள் என்றால் தெரிந்துகொண்டுதான் அங்கே இருந்தாள் என்றல்லவா ஆகிறது! பின் வாங்குகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மகனின் காது சிவந்திருந்ததைக் கத்தரின் கண்டாள். பெற்ற பிள்ளை மீது அப்படியொரு வெறுப்பு அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சேமக்காலையில் அவள் அழவில்லை. ஒரு பிடி மண் போட்டாள். மழை பெய்த மண், கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. யாரோ ஈரக் கடதாசி நீட்டினார்கள்.

கோயில் மண்டபத்தில் சாப்பாடு. மட்டன் றோல்ஸ், கட்லட், சான்ட்விச், பெரிய கலனில் தேத்தண்ணி. கத்தரினை நடுமேசையில் இருத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்று என்ன கதைப்பதென்று தெரியாமல் தின்றார்கள். சட்டனிலிருந்து வந்த ஜெஸ்ரின் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். இளம் பெண், மனத்தில் கள்ளமில்லை, பேசாமல் இருக்கத்தான் தெரியாது.

“அன்ரி, குறை நினையாதேங்கோ. நாங்களும் ஓகஸ்ட்ல மால்டா போறம், ரிக்கற் போட்டாச்சு. அங்க என்னென்ன பாக்கலாம்? சாப்பாடு எப்பிடி?”

பின்னால் நின்ற ஒருத்தி ஜெஸ்ரினின் தோளில் நுள்ளினாள். ஜெஸ்ரின் தன் வாயைப் பொத்தினாள். கத்தரின் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“இரும் பிள்ளை, சொல்லுறன்.”

பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அது. பெரிதாகக் கத்தவில்லை. ஆனாலும் கடைசி மேசைவரை போனது.

“செவ்வாய் போய் இறங்கினதுதான். புதன் வலெட்டா. அங்க ஒரு கோயில், வெளியில பாத்தா வெறும் கல்லு. உள்ளுக்குப் போனா முழுக்கத் தங்க வேலை. நிலம் முழுக்கக் கல்லறைக் கல்லு, கால் வைக்கவே மனம் வராது. கட்டாயம் பாருங்கோ. பின்னேரம் நான் அந்தப் படமெல்லாம் வீட்டுக் குறூப்புக்கு அனுப்பினன். அந்த நேரம்தான் இங்க இவரை அம்புலன்சில ஏத்தினவையாம்.”

“கத்தரின்” என்றாள் கிளறிற்றா, மூன்று கதிரைக்கு அப்பாலிருந்து.

“வியாழன் கோசோ. அது பக்கத்துத் தீவு, கப்பல்ல போகோணும். அங்க மாதாவின்ர கோயில் ஒண்டு. சுகம் வந்த சனம் ஊன்றுகோலையும் பிள்ளையளின்ர சட்டையையும் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கு. நான் இவற்ர கால் புண்ணுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். மத்தியானம் முயல். வைன் விட்டு அவிச்சுத் தருவினம். உறைப்பு ஒண்டும் இல்லை, ஆனா இறைச்சி எலும்பில இருந்து தானாக் கழண்டு வரும். அண்டைக்கு இவர் நல்ல முழிப்பாம். ‘கத்தரின் எங்க’ எண்டு மூண்டுதரம் கேட்டவராம். வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னவையாம். இரவு ஏழு மணிக்கு நான் போன் அடிக்க, அப்பா நித்திரை எண்டான் மகன். ஒன்பது மணி நியூஸ் பாக்காமல் ஒரு நாளும் படுக்காத மனுசன், பிள்ளை. நான் மூதேசி, நம்பினன்.”

“கத்தரின், காணும். சனம் சாப்பிடுது.” கிளறிற்றா எழுந்து வந்துவிட்டாள்.

“சாப்பிடட்டும் மச்சாள். நானும் சாப்பாட்டைப் பற்றித்தானே சொல்லுறன்.”

ஜெஸ்ரின் கையில் பாதி றோல்ஸ். அதை வைக்கவும் தெரியவில்லை, தின்னவும் தெரியவில்லை.

“அங்க இருந்து இங்க வர மூண்டரை மணித்தியாலம். வியாழன் காலமை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இரவு அவற்ர கையைப் பிடிச்சிருப்பன். சரி, அதை விடும். வெள்ளி. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தின்னக்கூடாது எண்டு பஸ்தீட்சி தின்னனாங்கள். எங்கட பற்றீஸ் மாதிரி, ஆனா பொருபொரு எண்டு இருக்கும், உள்ளுக்குப் பாற்கட்டி. சூட்டோட தின்னோணும். இவர் போனது இங்க ரெண்டு இருவதுக்கு. அங்க ஒரு மணித்தியாலம் கூட, மூண்டு இருவது. நான் இன்னுமொரு பஸ்தீட்சிக்கு வரிசையில நிக்கிறன். பிறகுதான் அந்தத் தொப்பி. நீங்கள் எல்லாரும் பாத்த தொப்பி.”

அவள் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பார்வை பட்ட இடத்தில் எல்லாம் முகங்கள் தட்டுக்குக் குனிந்தன.

“அந்தப் படத்துக்கு வீட்டுக் குறூப்பில அஞ்சு ஹார்ட் வந்தது. ஒண்டு என்ர மகன் போட்டது. தகப்பன் செத்து ரெண்டு மணித்தியாலம். போடாட்டி அம்மா சந்தேகப்படுவா எண்டு மாமி சொன்னவவாம். ஒரு ஹார்ட்டை அமத்தின விரலுக்கு, அம்மா வா எண்டு ரெண்டு சொல்லு எழுதத் தெரியேல்லை. இவனைக் கோயில்ல சொல்லச் சொல்லிக் கேட்டன், இவன் சொல்லேல்லை. அதுதான் நான் சொல்லுறன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

கிளறிற்றா கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் நல்லதுக்குத்தான்...” என்று சொல்லி அழுதாள். அவளுடைய அழுகை இப்போது உண்மையானதாக இருந்தது. அது கத்தரினுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

றூபன் வந்து தாயின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“அம்மா, வீட்ட போவம். ப்ளீஸ்.”

“பொறு தம்பி. இன்னும் சனிக்கிழமை கிடக்கு.”

சுவரோரத்து மேசையில் யாத்திரைக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக இருந்தார்கள். அங்கே கதிரைகள் அசைந்தன. கிளின்ரன் அவசரமாக எழுந்து கோட்டை எடுத்தார்.

“சனிக்கிழமை ஒரு மீன்பிடி ஊர், பிள்ளை. வள்ளங்களின்ர மூக்கில ரெண்டு பக்கமும் கண் கீறியிருக்கும். வடிவு. வெள்ளி இரவே இவன் கிளின்ரன் அண்ணைக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டான், அண்ணை நான் பஸ்ஸில ஏற முந்தி எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். எனக்கு மட்டும்தான் தெரியாது. அண்டைக்கு எல்லாரும் என்னோட எவ்வளவு அன்பு! என்ர பையைத் தூக்கிச்சினம். மீனில முள்ளு எடுத்துத் தந்தவை. கடல் காத்துச் சனத்தை மாத்திப்போட்டுது எண்டு நான் நினைச்சன். கிளின்ரன் அண்ணை எழும்பித் தன்ர முன் சீற்றை எனக்குத் தந்தவர்.”

அவள் ஜெஸ்ரினின் முழங்காலில் கையை வைத்தாள்.

“நீரும் முன் சீற்றில இரும் பிள்ளை. கடல் நல்லாத் தெரியும்.”

கிளின்ரன் கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் விட்டிருந்தார். மற்றக் கை முதுகுப் பக்கம் துழாவிப் பார்த்தது, கிடைக்கவில்லை. அப்படியே திரும்பவும் கதிரையில் இருந்தார்.