மூன்று பள்ளம் போட்ட வாஷர்

தலைமை அலுவலகம் அனுப்பிய மாடலில் செய்த பம்பு இந்த ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரில் மணல் அதிகம். மூன்றே மாதத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து பம்பு இருமத் தொடங்கிவிடும். வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே வந்து சண்டை போட்டார்கள்.

அவள் அங்கே மேலாளராகச் சேர்ந்த புதிது. தலைமைக்கு எழுதினாள். எல்லா நாட்டுக்கும் ஒரே மாடல்தான், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில், இந்த முறை கொஞ்சம் சுருக்கமாக.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவள் மேசையில் ஒரு வாஷரைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கமானதைவிடத் தடிமன். ஓரத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள்.

"மணல் இதுல ஒதுங்கி வெளிய போயிடும் மேடம். எங்க வீட்டு பம்புல ஆறு மாசமா ஓடுது."

"மேல கேக்காம போட முடியாதே அண்ணா."

"கேட்டா போடவே முடியாது."

போட்டார்கள். நான்கு வருடம் யாரிடமும் மூச்சு விடாமல் போட்டார்கள். வாசலில் சண்டை நின்றது. சூப்பர்வைசருக்கு 'வாஷர் அண்ணா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் மனைவி மட்டும் அந்த 'அண்ணா'வை வெட்டிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. இந்தக் கிளையில் மட்டும் பழுதாகித் திரும்பும் பம்பு ஏன் இவ்வளவு குறைவு என்று தலைமைக்குச் சந்தேகம். அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தார்கள். பிராந்திய இயக்குநர் இரண்டு பேரோடு நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"வாஷர் விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க மேடம். எங்க ஆளுங்க கைராசின்னு சமாளிச்சிடலாம்" என்றார் வாஷர் அண்ணா.

"பொய் ரிப்போர்ட் அனுப்புறேன்னு என்னைத் தூக்கிட்டாங்கன்னா?"

"அப்ப சொல்லிடுங்க."

சொன்னாள். இயக்குநர் வாஷரைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். வாஷர் அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் வரைபடத்தை வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீர் முடிந்த நேரம், திரையில் அதே இயக்குநர் வந்தார். இந்தக் கிளையின் வாஷரை எல்லா நாட்டுக்கும் எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி வாழ்த்தினார். பிறகு, இனி எல்லா இடத்துக்கும் ஒரே பம்பு பொருந்தும் என்பதால், துறைமுகத்தை ஒட்டியிருக்கும் பெரிய தொழிற்சாலையே அத்தனையும் செய்துகொள்ளும் என்றார். இங்கே ஒரு கிடங்கும் விற்பனைப் பிரிவும் மட்டும் இருக்கும். அவளுக்குத் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி.

"கிடங்குக்கு எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

பத்தொன்பது என்றார்.

அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "சரி" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்று வீட்டில் கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பதவி உயர்வ யாராவது இப்படி மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்வாங்களா?" என்றான். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "குழம்புல உப்பு இருக்கா?" என்றான்.

"இருக்கும்."

அவன் ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். "உப்பே போடல" என்றான்.

மறுநாள் வாஷர் அண்ணாவை அழைத்து உட்காரச் சொன்னாள். முழுவதும் கேட்டார்.

"நாம நல்லா செஞ்சதுக்கா இது?"

"ஆமா அண்ணா."

"மோசமா செஞ்சிருந்தா?"

"அப்பவும் மூடியிருப்பாங்க. கொஞ்சம் முன்னாடியே."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாஷரையாவது இங்கேயே செய்ய விடுங்கள் என்று தலைமையோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள். துறைமுகத் தொழிற்சாலையின் மேலாளரும் அந்த வேலையைத் தன் பக்கம் கேட்டான். கடைசியில் இவளுக்கே கிடைத்தது. முப்பத்தோரு பேருக்கு வேலை, இரண்டு வருடத்துக்கு. பதவிக்கு அவள் போகவில்லை. பெருந்தன்மை எதுவுமில்லை. போவதற்கான படிவம் மேசையில் கிடந்தது, கெடு தேதி தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

முப்பத்தோரு பேர் பட்டியலில் முதலில் எழுதியது வாஷர் அண்ணாவின் பெயரை. அவர் அதை அடித்து, கைக்குழந்தையோடு வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்கு?"

"துறைமுகத்துல இந்த வாஷர எப்படிப் பூட்டணும்னு ஆறு வாரம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. போய்ட்டு வந்து பாக்கலாம்."

"நீங்க ஏன் அண்ணா அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்?"

"தப்பா பூட்டி அனுப்புனா யாரு வீட்டுலயோ தண்ணி வராது மேடம்."

இயந்திரங்களை ஏற்ற லாரிகள் வந்த அன்று அவள் வாசலில் நின்றாள். ஓட்டுநர் ஒருவர் இறங்கி, "இங்க மேனேஜர் யாருங்க?" என்றார்.

"நான்தான்."

அவர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். இன்னும் மூன்று இடத்தில் போட வேண்டும் என்றார். போட்டாள். லாரி பின்வாங்க இடம் போதவில்லை, அவளுடைய காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.