ராணிக்கு மட்டும் உரியாத நகம்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலுள்ள அந்த ஃபிளாட்டில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது வரைக்கும் தரைத்தளத்து சுலோசனாவுக்குத் தெரியும். அவள் தலைக்கு மேலேயே, முதல் மாடி பவ்யா ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஹாலில் நகப்பூச்சுக் கடை போட்டால் சும்மா இருப்பாளா? வாடிக்கையாளரின் செருப்பு வாசலில் கிடந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு மெதுவடை மேலே வந்துவிடும். கூடவே சுலோசனாவும். வடையைக் கொடுத்துக் கதையை வாங்கிக்கொண்டு போவாள். பவ்யாவுக்கும் அதில் வருத்தமில்லை. கடைக்கு ஆள் சேர்த்துவிட்டதே அந்த வாய்தான்.

வருத்தமெல்லாம் ஜெல் பாலிஷில்தான். லாம்ப் வெளிச்சத்தில் இறுகிவிட்டால் வாரக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டிய பூச்சு அது. பவ்யா போட்டதோ இரண்டொரு நாளிலேயே நகத்தின் ஓரத்தில் கிளம்பி, ஸ்டிக்கர் மாதிரி கையோடு வந்தது. அதிலும் ஒரு கூத்து, வலது கையில் மட்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸ் கார்த்திகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடி மண்டபத்தில் ரிசப்ஷன். ஒத்திகைக்குப் போட்டது உரிந்தது. சாம்பாரில் ஊறுகிற கைதானே என்று யோசித்து, அடுத்த முறை ஸ்பூனில் சாப்பிடச் சொல்லி அனுப்பினாள் பவ்யா. பெண் இட்லியை ஸ்பூனால் வெட்டுவதைப் பார்த்து, பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாவே கலங்கிப்போனாராம். அப்படியும் உரிந்தது. வெள்ளிக்கிழமை போடப்போவதுதான் கடைசி வாய்ப்பு என்று அவள் அம்மா ஷோபனா சொல்லிவிட்டாள். நின்றால் குவார்ட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேரும் பவ்யாவிடம் வருவார்கள். உரிந்தால் அத்தனை பேருக்கும் விஷயம் போகும். கடையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே மெயில் போட வேண்டியதுதான்.

கலருக்கு அடியில் பூசும் பேஸ் கோட்டை மாற்றினாள், லாம்ப்பை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் மாடி ராணி வந்து உட்கார்ந்தாள். போட்டு மாசமாகப் போகிறது, நகம் வளர்ந்துவிட்டது, கலரை மாற்று என்றாள். பவ்யா அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலது கை, இடது கை, இரண்டிலும் ஒரு ஓரம்கூடக் கிளம்பவில்லை. மற்றவர்களுக்கு உரிந்த அதே பழைய பாட்டில், அதே பழைய லாம்ப். போதாக்குறைக்கு ராணி துணியெல்லாம் கையால் துவைக்கிறவள்.

அந்த நேரம் பார்த்து சுலோசனா தட்டோடு படியேறி வந்தாள். ராணியின் செருப்பைப் பார்த்ததும் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மொட்டை மாடிக் கொடிக்கயிற்றுச் சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

தட்டு கீழே போவதையே பார்த்துக்கொண்டிருந்த பவ்யாவுக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. முதலில் இரண்டு கை நகத்தையும் அரத்தால் ராவித் துடைத்துவிடுவாள். பிறகு இடது கையில் பூசுவாள். வேலையில்லாத வலது கை எங்கே போகும்? வடைக்குத்தான். தின்று முடித்து டிஷ்யூவில் ஒரு துடைப்பு, எண்ணெய் நகத்திலேயே நிற்கும். அதன்மேல் பேஸ் கோட்!

மதியம் கார்த்திகாவும் ஷோபனாவும் வந்தார்கள். பின்னாலேயே தட்டு வந்தது. பவ்யா எழுந்து வாசலை மறித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னாது? என் வடையால நகம் உரியுதா? நல்லா கீதே கதை."

"அக்கா, உங்க கையிலேயே காட்டுறேன், உக்காருங்க."

சுலோசனாவின் ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் ராவி, ஆல்கஹாலால் துடைத்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் வடையில் அழுத்தச் சொல்லி டிஷ்யூவால் துடைத்தாள். இரண்டிலும் சிவப்பு பூசி லாம்ப்பில் வைத்தாள். ஷோபனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்தாள். பவ்யா சின்னக் குச்சியால் ஆள்காட்டி நகத்தின் ஓரத்தை நெம்பியதும் பூச்சு அப்படியே கழன்று மேஜையில் விழுந்தது. மோதிர விரலில் எவ்வளவு நெம்பியும் அசையவில்லை. கார்த்திகா கைதட்டிவிட்டாள்.

சுலோசனா கழன்று விழுந்த பூச்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப ராணிக்கு நின்னதே நான் பேசாததாலதான்னு சொல்லு."

கடைசியாக மேலே பூசும் டாப் கோட் இறுகும்வரை வடை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. சுலோசனாவுக்கு அதிலும் நஷ்டமில்லை. கார்த்திகாவின் ஒரு கை லாம்ப்பில், இன்னொன்று பவ்யாவின் பிடியில். போனைத் தொட வழியில்லை, வாய் மட்டும் காலி. மாப்பிள்ளை விஷாலுக்கு எந்தப் பக்கம் சொட்டை விழுகிறது என்பது வரைக்கும் கறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் கார்த்திகா வலது கையால் மாப்பிள்ளைக்குக் கேக் ஊட்டினாள். ஐந்து நகமும் பளபளவென்று நின்றன. முன்வரிசையில் ஷோபனா சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் பவ்யாவின் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழைப்பில்லாமலே வந்திருந்த சுலோசனா, கண்டுபிடித்தது தான்தான் என்று பக்கத்து நாற்காலிக்குச் சொன்னாள்.

மறுவாரம் பவ்யாவின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சுலோசனா அந்தக் குவியலை ஒரு நோட்டம் விட்டாள். நடுவில் ராணியின் நீலச் செருப்பும் கிடந்தது. பவ்யாவைத் தனியே கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் பூசனதுக்கு அப்பால குடு. அவளுக்கு மட்டும் மின்னாடியே குட்த்துடு."